பழைய ஜீன்ஸ்: கத்தரிக்கோலைக் கடைசியில் எடுங்கள்

எங்கள் தெருவில் "பழைய துணிக்குப் பாத்திரம்" என்று குரல் கேட்டால் அம்மாவின் கண் முதலில் போவது என் ஜீன்ஸ் அடுக்கின் மேல்தான். நாலு ஜீன்ஸுக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பா கிடைக்கும். "சும்மாதானே கிடக்குது, கொடுத்துடேன்" என்பார். நான் கொடுப்பதில்லை. ஒரு ஜீன்ஸ் எல்லா இடத்திலும் ஒரே நாளில் பழசாவதில்லை. தொடை இடுக்கு தேய்ந்து ஓட்டை விழுந்திருக்கும். அதே பேண்ட்டில் பின்பக்கமும் முழங்காலுக்குக் கீழேயும் துணி கல்லு மாதிரி இருக்கும். கெட்டுப்போன அந்த ஒரு சாண் இடத்தைச் சரிசெய்யத் தெரிந்தால் மீதி எல்லாம் லாபம்தான்.

தெரியாமல் ஆரம்பித்தால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி. என் முதல் முயற்சி ஒரு முழுப் பேண்ட்டை அரைக்கால் பேண்ட்டாக்குவது. தரையில் விரித்து, கண்ணளவில் ஒரே வெட்டு. போட்டுப் பார்த்தால் இடது கால் ஒரு விரற்கடை நீளம். அதை வெட்டினேன். இப்போது வலது கால் நீளம். பூனைகளுக்கு அப்பம் பங்கிட்ட குரங்கின் கதைதான். கடைசியில் மிஞ்சியது ஜன்னல் துடைக்க மட்டுமே உதவியது. அன்றிலிருந்து கத்தரிக்கோல் என் பெட்டியில் அடியில்தான் இருக்கும்.

முதலில் துணியைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஜீன்ஸை உள்பக்கம் வெளியே திருப்புங்கள். வெளியே நீலம், உள்ளே ஏறக்குறைய வெள்ளை. நெசவு தெரிந்தவர்களுக்கு இது உடனே புரியும்: நீளவாக்கில் ஓடும் பாவு நூலுக்கு மட்டும்தான் சாயம், குறுக்கே ஓடும் ஊடை நூல் வெள்ளை. டெனிம் என்கிற இந்த ஜீன்ஸ் துணியில் பெரும்பாலும் ஒவ்வொரு பாவு நூலும் மூன்று ஊடைக்கு மேலே போய் ஒன்றுக்குக் கீழே இறங்கும். அதனால் முன்பக்கம் நீலம் தூக்கலாகவும் பின்பக்கம் வெள்ளை தூக்கலாகவும் தெரிகிறது. துணி மேல் ஓடும் சாய்கோடும் அதனால் வருவதுதான்.

அடுத்து, விளிம்பிலிருந்து ஒரு நீல நூலை உருவி நகத்தால் சுரண்டிப் பாருங்கள். நடுவில் வெள்ளை இருக்கும். இண்டிகோ என்கிற இந்த நீலச் சாயம் நூலின் மேல்தோலில்தான் நிற்கும், உள்ளே ஊறாது. உரசும் இடமெல்லாம் மேல்தோல் போய் உள்ளிருக்கும் வெள்ளை எட்டிப் பார்ப்பதைத்தான் 'ஃபேடு' என்கிறோம். இந்த நீலம் ஒரு காலத்தில் அவுரிச் செடியிலிருந்து வந்தது. 1897-இல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் செயற்கை இண்டிகோவை விற்க ஆரம்பித்த பிறகு செடி பின்வாங்கிவிட்டது. திண்டிவனம் பக்கம் இன்னும் அவுரி பயிரிடுகிறார்கள் என்றாலும், கடையில் வாங்கும் சாதாரண ஜீன்ஸின் நீலம் ஆலையில் செய்ததுதான்.

அப்புறம் உள்ளே தைத்திருக்கும் லேபிளைப் படியுங்கள். 100% பருத்தியா, இல்லை 1, 2 சதவீதம் எலாஸ்டேன் (லைக்ரா) கலந்ததா? லேபிள் கிழிந்திருந்தால் துணியைக் குறுக்கே இழுத்துப் பாருங்கள். ரப்பர் மாதிரி நீண்டு திரும்பினால் கலப்பு. பிளீச் வேலைக்கு இந்த ஒரு விஷயம் ரொம்ப முக்கியம்.

கடைசியாக, பேண்ட்டை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடியுங்கள். ஓட்டை இல்லாத இடத்திலும் வெளிச்சம் சல்லடை மாதிரி வந்தால் அங்கே துணி செத்துக்கொண்டிருக்கிறது. சாக்பீஸால் சுற்றி வட்டம் போடுங்கள். சாக்பீஸ் இல்லையென்றால் தேய்ந்துபோன சோப்புச் சில்லு போதும், துவைத்ததும் போய்விடும்.

வேலையின் வரிசை: துவைப்பது, நிறத்தை மாற்றுவது, ஒட்டுப் போடுவது, நீளத்தைக் குறைப்பது. துவைக்கும் முன் கிழிசல் வாயை நாலு தளர்வான தையலில் பிடித்து வையுங்கள். இல்லாவிட்டால் வாஷிங் மெஷினில் அது இரண்டு மடங்காகும். வரிசைப்படி துவைத்ததும் நிறம்தான் வர வேண்டும். ஆனால் பத்தில் எட்டுப் பேர் கேட்பது தொடைக் கிழிசலைப் பற்றி, அதனால் அதில் தொடங்குகிறேன்.

தொடை இடுக்கு ஒட்டு

தேவையானவை: வேறொரு பழைய ஜீன்ஸிலிருந்து ஒரு துண்டு (கொஞ்சம் மெல்லியதாக இருந்தால் நல்லது, தடித்தால் நடக்கும்போது உரசும்), பாலியெஸ்டர் தையல் நூல், 16-ஆம் நம்பர் ஊசி. சட்டைத் துணிக்குப் போடும் ஊசியோடு டெனிமில் இறங்காதீர்கள். எங்கள் டெய்லர் அண்ணன் சொல்வார்: "ஊசி ஒடஞ்சா மிஷின் மேல கோபப்படாதீங்கம்மா, ஊசி நம்பரைப் பாருங்க." தையல் மிஷின் உதிரிபாகக் கடையில் ஜீன்ஸ் ஊசி என்று கேட்டாலே தருவார்கள்.

நூல் நிறத்தில் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று. ஜீன்ஸ் நீலம் என்று அடர்நீல நூல் வாங்குவார்கள். ஆனால் தேய்ந்த இடம் அடர்நீலமாக இருக்காதே. சாம்பல் கலந்த வெளிர்நீலம் வாங்குங்கள். முடிந்தால் இரண்டு நிறம்: மேலே ஒன்று, பாபினில் (மிஷினுக்கு அடியில் இருக்கும் நூல் சுருளில்) கொஞ்சம் அடர்த்தியாக ஒன்று.

ஓட்டையைச் சுற்றித் தொங்கும் பிசிறுகளை மட்டும் வெட்டுங்கள். குறுக்கே ஓடும் வெள்ளை நூல்கள் இன்னும் அறாமல் இருந்தால் அவற்றைத் தொடாதீர்கள், தையல் பற்றிக்கொள்ள உதவும். ஒட்டுத்துண்டை, ஓட்டையின் அளவுக்கு அல்ல, நீங்கள் வெளிச்சத்தில் பார்த்து வட்டமிட்ட அளவுக்கு மேல் ஒரு அங்குலம் கூட்டி வெட்டுங்கள். மூலைகளை வளைத்துவிடுங்கள். ஒட்டின் பாவு நூல் பேண்ட்டின் பாவு நூலோடு ஒரே திசையில் இருக்க வேண்டும். குறுக்கே வைத்தால் ஒன்று இழுக்கும், ஒன்று இழுக்காது, ஓரத்தில் சுருக்கம் விழும்.

துண்டை உள்பக்கம் வைத்து குண்டூசி குத்தி, பெரிய பெரிய ஓட்டுத் தையலாக (ஊசியை மேலும் கீழுமாக விட்டு நேரே ஓட்டும் தையல்) கையால் பிடியுங்கள். குண்டூசியை மட்டும் நம்பி மிஷினில் வைத்தால் இந்த இடத்தின் வளைவில் துண்டு நழுவிவிடும். இப்போது பேண்ட்டின் நல்ல பக்கத்திலிருந்து, பாவு நூல் ஓடும் திசையிலேயே முன்னும் பின்னுமாகத் தையுங்கள். ஒரு வரிக்கும் அடுத்ததுக்கும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி. ஓட்டையின் மேல் மட்டும் இன்னும் நெருக்கமாக.

இங்கேதான் ஒரு நுணுக்கம். எல்லா வரிகளையும் ஒரே கோட்டில் நிறுத்தாதீர்கள். ஒரு வரி அரை அங்குலம் நீளமாகவும் அடுத்தது குட்டையாகவும் முடியட்டும். ஒட்டைச் சுற்றிச் சதுரமாக ஒரு தையல் போட்டு மூடுவதும் வேண்டாம். பார்க்க நேர்த்தியாக இருக்கும். மூன்றே மாதத்தில் அந்தச் சதுரத்தின் கோட்டிலேயே, தபால்தலையைக் கிழித்த மாதிரி, துணி விட்டுக்கொடுக்கும். பல்வரிசை மாதிரி முடிந்தால் இழுவை பரவிப் போகும்.

நாலு தையல் சேரும் அந்த நடு முடிச்சில் துணி ஏழெட்டு அடுக்கு இருக்கும். அங்கே காலால் மிதிக்காதீர்கள். சக்கரத்தைக் கையால் சுற்றி ஒவ்வொரு தையலாகத் தாண்டுங்கள். மிஷினின் பாதம் பின்னால் சரிந்தால், மடித்த ஒரு துண்டுத் துணியைப் பின்பக்கம் முட்டுக் கொடுங்கள். அதற்கும் அசையாவிட்டால் அந்த முடிச்சைப் பழைய துணி போட்டு மூடிச் சுத்தியலால் நாலு தட்டு தட்டுங்கள், அமுங்கிவிடும்.

மிஷின் இல்லாதவர்கள் இதையே கையால் செய்யலாம். ஒரு படம் பார்த்து முடிக்கும் நேரம் ஆகும், அவ்வளவுதான்.

முழங்கால்: மறைக்காமல் காட்டுவது

தொடையில் ஒட்டை மறைக்கிறோம். முழங்காலில் மறைக்க முடியாது, அதனால் அதையே அலங்காரமாக்கிவிடலாம். ஜப்பானில் சஷிகோ என்று ஒரு தையல் முறை உண்டு. குளிர் மிகுந்த வடகிழக்குப் பகுதி விவசாயக் குடும்பங்கள், நீலச் சாயமிட்ட துணியை அடுக்கி வெள்ளை நூலால் ஓட்டுத் தையல் போட்டுப் பலப்படுத்தினார்கள். வங்காளத்தின் காந்தாவும் இதற்குத் தூரத்துச் சொந்தம் மாதிரிதான். கற்றுக்கொள்ள வேண்டியது ஒரே ஒரு தையல்.

ஒட்டுத்துண்டை உள்ளே வைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். சோப்புச் சில்லால் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் கோடுகள். எம்பிராய்டரி நூல்கண்டில் ஆறு இழை இருக்கும், ஆறையும் சேர்த்தே கோக்கலாம். தையல் மேலே ஒரு அரிசி நீளம், கீழே அரை அரிசி. நாலைந்து தையலை ஊசியிலேயே கோத்துக்கொண்டு ஒரேயடியாக இழுங்கள், கோடு நேராக வரும். வரி முடிந்து திரும்பும் இடத்தில் நூலை இறுக்காமல் பின்பக்கம் ஒரு சின்ன வளையம் விட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் முதல் துவைப்பிலேயே துணி சுருங்கி முழங்காலில் ஒரு பை தொங்கும். வெள்ளை நூல் எந்த நீலத்துக்கும் பொருந்தும். சிவப்பு நூலைப் போடுமுன், சாயம் போகுமா என்று ஈர வெள்ளைத் துணியில் தேய்த்துப் பாருங்கள்.

முழங்கால் வரை கையை விடுவது சிரமமாக இருந்தால் பக்கத் தையலைப் பிரித்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம்? வெளியே இரட்டைக் கோடு தெரியும் தையலைத் தொடாதீர்கள், அது மடித்து மடித்துத் தைத்தது, திரும்ப வைக்க உயிர் போகும். கோடு தெரியாமல் உள்ளே ஓவர்லாக் (பிசிறு பிரியாமல் விளிம்பைச் சுற்றி அடிக்கும் தையல்) மட்டும் அடித்திருக்கும் பக்கத்தைப் பிரியுங்கள்.

வேண்டுமென்றே கிழிசல் வைக்க விரும்புகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பிளேடால் ஒரு கீறு போட்டால் அது கிழிசல் மட்டும்தான். கடையில் பார்க்கும் வெள்ளை நூல் தொங்கும் தோற்றத்துக்குக் குறுக்கே இரண்டு கீறல்கள் போட வேண்டும், ஒன்றுக்கு ஒன்று முக்கால் அங்குல இடைவெளி, நீளம் இரண்டு அங்குலத்துக்கு மேல் வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் நீலப் பாவு நூல்களை மட்டும் புருவம் பிடுங்கும் இடுக்கியால் ஒவ்வொன்றாக உருவுங்கள். வெள்ளை ஊடை நூல்கள் ஏணிப்படி மாதிரி நிற்கும். இடத்தை நாற்காலியில் உட்கார்ந்தபடி குறித்துக்கொள்ளுங்கள். நின்றபடி குறித்தால் உட்காரும்போது கிழிசல் வேறெங்கோ போய்விடும். பின்னால் ஒரு துண்டு ஒட்டு கேன்வாஸ் (சூடு பட்டால் ஒட்டிக்கொள்ளும் துணி) வைத்து இஸ்திரி போட்டால் மேற்கொண்டு கிழியாது.

நிறத்தை இறக்குவது

லேசாக வெளுக்க வேண்டுமா, உப்புத்தாள் போதும். 120-ஆம் நம்பர் வாங்கிக்கொள்ளுங்கள். காலுக்குள்ளே ஒரு பலகையையோ பழைய சமையல் கட்டையையோ நுழைத்து, தொடையின் முன்பக்கம், பாக்கெட் விளிம்பு, அடிமடிப்பு என்று இயல்பாகத் தேயும் இடங்களில் மட்டும் ஒரே திசையில் தேயுங்கள். மொட்டை மாடியில், முகத்தில் மாஸ்க் கட்டிக்கொண்டு செய்யுங்கள். வெளியே பறக்கும் நீலப் பொடி மூக்குக்குள் போகத்தான் செய்யும். ஆலைகளில் இதே தோற்றத்துக்காக மணலைப் பீய்ச்சி அடித்த தொழிலாளர்களுக்கு நுரையீரல் நோய் வந்து, துருக்கி 2009-இல் அந்த முறையையே தடை செய்தது. நம் உப்புத்தாள் அந்த அளவு ஆபத்தில்லை. ஆனாலும் மாஸ்க் மாட்டுவதில் என்ன குறை?

இன்னும் வெளுக்க வேண்டுமென்றால் பிளீச். இதில் நான் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன். தண்ணீர்த் தொட்டிக்கு வாங்கிய பிளீச்சிங் பவுடர் வீட்டில் இருந்தது. ஈர ஜீன்ஸ் மேல் கோலமாவு மாதிரி தூவினேன். வெள்ளைப் புள்ளிகள் நட்சத்திரம் மாதிரி வந்தன, ஒரே பெருமை. இரண்டாவது துவைப்பில் ஒவ்வொரு நட்சத்திரமும் ஓட்டையானது. பொடி துணியில் நேரே படக்கூடாது. திரவ பிளீச்சை மட்டும் வாங்குங்கள், அதுவும் 100% பருத்திக்கு மட்டும். லைக்ரா இழையைக் குளோரின் அரித்துவிடும். முழங்காலும் பின்பக்கமும் தொளதொளவென்று ஆகிவிடும்.

பிளாஸ்டிக் வாளியில் ஒரு பங்கு பிளீச்சுக்கு நாலு பங்கு பச்சைத் தண்ணீர். கையுறை கட்டாயம். வேலை வெளிக்காற்றில். ஜீன்ஸை முழுக்க நனைத்துப் பிழிந்த பிறகே உள்ளே விடுங்கள். காய்ந்த துணியைப் போட்டால் திட்டுத்திட்டாகும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை குச்சியால் தூக்கிப் பாருங்கள். ஈரத்தில் நிறம் அடர்த்தியாகத் தெரியும், காய்ந்தால் வெளுத்துவிடும். அதனால் "இன்னும் கொஞ்சம் போகணும்" என்று தோன்றும் கட்டத்திலேயே எடுத்துவிடுங்கள். அரை மணிக்கு மேல் எதற்கும் வைக்காதீர்கள்.

எடுத்து மூன்று நாலு தண்ணீரில் நன்றாக அலசுங்கள். அதன் பிறகும் நூலுக்குள் பிளீச் வேலை செய்துகொண்டே இருக்கும், அதை நிறுத்த வேண்டும். மருந்துக் கடையில் கிடைக்கும் 3% ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து கால் மணி நேரம் ஊறவைத்து, மறுபடி அலசித் துவையுங்கள். வினிகர் ஊற்றச் சொல்கிறவர்கள் உண்டு. வேண்டவே வேண்டாம். பிளீச்சோடு வினிகரோ, எலுமிச்சையோ, கழிவறை கழுவும் ஆசிடோ சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு இதைச் செய்தால் ஆஸ்பத்திரிதான்.

கறுப்பு ஜீன்ஸை பிளீச்சில் போட்டால் வெள்ளை வராது, பெரும்பாலும் செம்மண் நிறம்தான் வரும். பிடித்தால் சரி. வெளுத்த கறுப்பை மறுபடி கறுப்பாக்க, பருத்திக்கான சாயப்பொடி வாங்கிப் பொட்டலத்தில் எழுதியபடி செய்யுங்கள். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: மேலே ஓடும் மஞ்சள் தையல் நூல் பாலியெஸ்டராக இருந்தால் சாயம் ஏறாது, மஞ்சளாகவே நிற்கும். எனக்கு அது பிடிக்கும்.

நீளம் குறைப்பது, அடி விளிம்பை இழக்காமல்

ஜீன்ஸின் அடிமடிப்பில் கயிறு முறுக்கிய மாதிரி ஒரு தேய்மானம் இருக்கும். வெட்டித் தைத்தால் அது போய்விடும், பேண்ட் பள்ளிச் சீருடை மாதிரி தெரியும். அதனால் விளிம்பை வைத்துக்கொண்டே குறைக்கலாம்.

துவைத்துக் காய்ந்த பேண்ட்டை, வழக்கமாகப் போடும் செருப்போடு அணிந்து, எவ்வளவு குறைய வேண்டும் என்று பாருங்கள். இரண்டு அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். அதில் பாதி, ஒரு அங்குலம். காலை வெளிப்பக்கமாக மடியுங்கள். பழைய அடிமடிப்பின் தையல் ஓரத்திலிருந்து புது மடிப்பு வரை சரியாக ஒரு அங்குலம் இருக்க வேண்டும். அடிமடிப்பின் அகலத்தை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். இஞ்ச் டேப்பால் சுற்றி ஆறு இடத்தில் அளந்து குண்டூசி குத்துங்கள். பிறகு அந்தப் பழைய மடிப்பின் மேல் ஓரத்தை ஒட்டி, அதன் மேல் ஏறாமல், சுற்றித் தையுங்கள். விளிம்பைக் கீழே இறக்கி, மிஞ்சிய துணியை உள்ளே மேல்நோக்கித் தள்ளி இஸ்திரி போடுங்கள். தையல் பழைய கோட்டின் நிழலில் ஒளிந்துகொள்ளும். உள்ளே இருக்கும் மடிப்பை வெட்ட வேண்டாம், வளரும் பிள்ளை என்றால் அடுத்த வருடம் பிரித்து விடலாம்.

இடுப்பு தளர்ந்துவிட்டதா? பெல்ட்டுக்குப் பதில் இன்னொரு வழி. இடுப்புப்பட்டியின் உள்பக்கத் துணியில் மட்டும், இரண்டு பக்கவாட்டுத் தையலுக்கு அருகிலும் ஒரு அங்குலக் கீறல் போட்டு, ஊக்கில் கோத்த ஒரு அங்குல எலாஸ்டிக்கைப் பின்பக்கமாக நுழைத்து, இழுத்து இரு முனையையும் தையுங்கள். கால் மணி வேலை. ஜிப் மாற்றுவதை மட்டும் டெய்லரிடம் கொடுங்கள், அதில் நாம் சேமிக்கும் காசைவிட உடையும் ஊசி அதிகம்.

பாக்கெட் மூலையில் இருக்கும் செம்புக் குமிழ்கள் பக்கம் ஊசியை விடாதீர்கள். அமெரிக்காவின் நெவாடாவில் ஜேக்கப் டேவிஸ் என்ற தையல்காரர், கூலியாட்களின் பாக்கெட் கிழிந்துகொண்டே இருக்கிறதே என்று அடித்த குமிழ் அது. துணி வியாபாரி லீவை ஸ்ட்ராஸோடு சேர்ந்து 1873 மே 20-இல் காப்புரிமை வாங்கினார். அதில் ஊசி பட்டால் முனை கண்ணுக்கு நேரே தெறிக்கும்.

எதற்கும் ஆகாத ஜீன்ஸும் இருக்கும். அதற்குத்தான் கத்தரிக்கோல். முழங்காலுக்குக் கீழே உள்ள துண்டை வெட்டி, ஒரு பக்கம் தைத்து மூடினால் தண்ணீர்ப் பாட்டிலோ குடையோ வைக்கும் பை. அதன் காதுக்கு இடுப்புப்பட்டி. தட்டையான துணியையெல்லாம் உள்ளங்கை அளவில் வெட்டி டப்பாவில் போட்டு வையுங்கள், அடுத்த தொடைக்கு ஒட்டு அதிலிருந்துதான். கால் நெடுக ஓடும் அந்தத் தடித்த இரட்டைத் தையலை மட்டும் கயிறு மாதிரி உரித்தெடுப்பேன். எங்கள் மாடியில் தக்காளிச் செடிகளைக் குச்சியோடு கட்டியிருப்பது அதுதான். மழை வெயில் எதற்கும் அசையவில்லை, நீலம் மட்டும் கொஞ்சம் வெளுத்திருக்கிறது.